காப்பிக்கடைக்கு ஓர் ஆட்சேபணை

வாங்க, உள்ள வந்து உக்காருங்க. வசந்தா போன்ல சொன்னாளுங்க, தையல் கிளாஸ் நடத்தற டீச்சர் ஒருத்தங்க முன்ரூமைப் பார்க்க வருவாங்கன்னு. சாவி எங்கிட்டத்தான் இருக்குது, கூட வந்து காமிக்கறேன். வேகாத வெயில்ல வந்திருக்கீங்க, ரெண்டு நிமிசம் ஃபேனுக்கடியில உக்காருங்க.

கேட்டைத் திறக்கும்போதே ஒண்ணு கேட்டீங்களே, கிளாஸுக்கு வர்ற புள்ளைங்க வண்டி நிறுத்த இடமிருக்குங்களான்னு. இடமில்லைங்க டீச்சர். முன்னால பதினோரடி அகலம், ஆறடி நீளம். ஸ்கூட்டி ரெண்டு நிக்கும், மூணாவது நிறுத்துனா கேட்டு சாத்தாது. டேப்பு வெச்சு அளந்ததே நான்தானுங்க. அளந்து, எழுதி, படம் போட்டுக் குடுத்ததே நான்தான்.

நான் எதையும் மறைக்கறதில்லீங்க. இந்த ரூமைப் பார்க்க உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்தாங்க. நாலு பேருகிட்டயும் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் அனுப்புனேன். நாளைக்கு வந்து, ஏனுங்க ஒரு வார்த்தை சொல்லலைன்னு யாரும் கேட்டுறக் கூடாதில்லீங்களா.

வசந்தா, முழுப்பேரு வசந்தமணிங்க, பதினாலு வருசமா என்ற பக்கத்து வீடு. என்னைவிடப் பன்னண்டு வயசு சின்னவ. ஒரு நூல் மில்லுல கேன்டீன் பார்த்துட்டிருந்தா. மூணு ஷிப்டுக்கும் காப்பி. ஐந்நூறு பேருக்குப் போட்டாலும் அவ கையில காப்பி ஒரே மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்க என்ன, நானே குடிச்சிருக்கனே. நான் ரிட்டயர் ஆன பொறவு, ஷிப்டு முடிஞ்சு வந்து சாயங்காலம் நாலு மணிக்கு எங்க பின்வாசப்படியில உக்காருவா. ஒரு நாள் அவ போட்டது, ஒரு நாள் நான் போட்டது. 'அக்கா, இன்னிக்கு டிக்காஷன் கொஞ்சம் இறங்கல'ம்பா. தப்பா எடுத்துக்க மாட்டேன். அந்த நேரத்துல எங்க வீட்டுக்காரரு கூட அந்தப் பக்கம் வரமாட்டாரு. பொம்பளைங்க ரெண்டு பேரு பேசற நேரம்னு அவருக்கே தெரியும்.

போன வருசம் மில்லை மூடிட்டாங்க. ஒரு மாசம் சும்மா இருந்தா. பொறவு ஒரு நாள் படியில உக்காந்துட்டே சொன்னா, 'அக்கா, முன்ரூமைக் காப்பிக்கடையாக்கிரலாமான்னு பார்க்கறேன். நாலு மேசை. காலைல நடக்கப் போறவங்க, சாயங்காலம் வேலை விட்டு வர்றவங்க. அவ்வளவுதான்.' நான் உடனே நல்லதுன்னுட்டேன். மனசாரச் சொன்னேன் டீச்சர். அதை நீங்க நம்பணும்.

ஆனா கார்ப்பரேசன்ல ஒரு விதி இருக்குதுங்களே. வீட்டைக் கடையாக்குனா, வர்றவங்க வண்டி நிறுத்த நம்ம இடத்துக்குள்ளயே இத்தனை அடி விடணும். அவளுக்கு ஏது இடம்? அப்படி விட முடியாதவங்க விலக்குக் கேட்டு மனுக் குடுக்கலாம். நான் முப்பத்தோரு வருசம் தாலுகா ஆபீசுல டைப்பிஸ்டா இருந்தவ. என்ற கை வழியாப் போகாத மனு இல்லீங்க. ரேசன் கார்டுல இருந்து பட்டா வரைக்கும். இந்த வீதியில யாருக்கு என்ன எழுதணும்னாலும் இங்கதான் வருவாங்க. வசந்தாவும் கேட்டா, 'அக்கா, நீங்கதான் எழுதிக் குடுக்கணும்.'

எழுதுனேன். மூணு நாளு காலைலயும் சாயங்காலமும் வீதி முக்குல நின்னு, எத்தனை கார் போகுது, எத்தனை பேரு நடந்து போறாங்கன்னு குறிச்சேன். 'வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இப்பகுதியில் நடந்து செல்வோரே ஆவர். எனவே வாகன நெரிசல் ஏற்பட வாய்ப்பில்லை.' அந்த வரியை மட்டும் நாலு தடவை திருத்துனேன். வீதிக் கடைசியில காலி இடம் ஒண்ணு இருக்குதுங்களே, அங்க வண்டி நிறுத்திக்கலாம்னும் எழுதுனேன். அது பூங்காவுக்கு ஒதுக்குன இடம், வேலி போடப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதுனேன். அவளுக்காகத்தான். மனுவைப் படிச்சுப் பார்த்துட்டு வசந்தா, 'அக்கா, இதைப் படிச்சா நானே எனக்கு அனுமதி குடுத்துருவேன்'னு சிரிச்சா.

அப்புறம் பெனிட்டா வந்தா.

அடுத்த வீதிப் பொண்ணுங்க. முப்பது வயசு இருக்கும். பெங்களூர்ல ஏதோ பெரிய காப்பிக்கடையில வேலை பார்த்துட்டு ஊரோட வந்துட்டா. கெட்ட பொண்ணுன்னு சொல்ல மாட்டேன். வசந்தா கடையைப் பத்திக் கேள்விப்பட்டு, கூடச் சேர்ந்துக்கறேன்னு வந்தா. கொட்டையை எந்தத் தோட்டத்துல வாங்கணும், எவ்வளவு வறுக்கணும், அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஏற்காடு போனாங்க, வால்பாறை போனாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை வீதியில எல்லாரையும் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாங்க. சின்னச் சின்னக் கப்புல அஞ்சு வகை. நானும் போனேன். எது நல்லாயிருக்குன்னு எல்லாரையும் கேட்டு எழுதிக்கிட்டா அந்தப் பொண்ணு. என்னைக் கேட்டப்போ, மூணாவது நல்லாயிருக்குது, ஆனா சிக்கரி கொஞ்சம் சேர்த்தா வாசம் நிக்கும்னேன். 'ஆன்ட்டி, அது பழைய டேஸ்ட்'னு சிரிச்சுட்டு அடுத்தவங்ககிட்டப் போயிட்டா.

அதுல ஒண்ணுமில்லைங்க. சின்னப் பொண்ணு. நான் வசந்தாவைத் தனியாக் கூப்பிட்டு, 'கடையில நான் என்ன பார்க்கட்டும்? காலைல வந்துரட்டுமா?'ன்னு கேட்டேன். ரிட்டயர் ஆயி ஆறு வருசம் வீட்டுலயே இருக்கனே. வர்றவங்களை உக்கார வெச்சு, என்ன வேணும்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா. அவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, 'நீங்க எதுக்குக்கா கஷ்டப்படறீங்க? நீங்க ராணி மாதிரி வந்து உக்காந்து காப்பி குடிச்சாப் போதும்'னா.

பாசமாத்தான் சொன்னா. எனக்குப் புரியாம இல்லீங்க.

அதுக்கப்புறம் நாலு மணிக்கு வர்றது நின்னுபோச்சு. வேலை இருக்குமில்லீங்களா, கடை வேலை. நான் ரெண்டு டம்ளர்ல ஊத்தி வெச்சுட்டுப் பார்ப்பேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேரும் சிரிக்கற சத்தம் கேக்கும். இன்னொரு டம்ளரை எடுத்துத் தொட்டியில ஊத்திருவேன். பதினோரு நாளு ஊத்துனேன். எண்ணிட்டா இருந்தீங்கன்னு கேட்டுராதீங்க.

ஆனா ஆட்சேபணைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. அது வேற விசயம். கார்ப்பரேசன்ல இருந்து அவ கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. 'ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம்'னு. அதைப் படிச்சேன். படிச்சதும், ஒரு குடிமகளா யோசிச்சுப் பார்த்தேன். நெசமாவே இந்த வீதியில இடமிருக்குதா? இல்லை. அதுதானே உண்மை. இப்ப நீங்க வந்தீங்களே, உங்க வண்டியை எங்க விட்டீங்க? முக்குலதானே. பார்த்தீங்களா.

காந்திபுரத்துல ஒரு டைப்பிங் கடைக்குப் போனேன். பக்கத்துலயே ரெண்டு கடை இருந்தும் அங்க போனேன். நான் சொல்லச் சொல்லக் கடைப் பொண்ணு அடிச்சுச்சு. வசந்தா மனுவுல எங்கெங்க ஓட்டையிருக்குன்னு எனக்குத்தானே தெரியும். காலி இடம் பூங்காவுக்கு ஒதுக்குனதுன்னு எழுதுனேன். வீதி முனையில ஒரு வளைவு இருக்குது, அங்க ஒரு கார் நின்னா இன்னொண்ணு திரும்பாதுன்னு எழுதுனேன். கீழ 'இப்படிக்கு, மூன்றாம் வீதி குடியிருப்போர்'. கையெழுத்துப் போடலை.

அதோட நிறுத்தியிருக்கலாம். கடைசியில ஒரு வரி சேர்த்தேன். 'ஏற்கெனவே இவ்வீதியில் வாகனம் நிறுத்தப்பட்டிருந்த காரணத்தால் ஆம்புலன்ஸ் உள்ளே வர இயலாமல் ஓர் உயிர் பறிபோயிருக்கிறது.'

அது பொய்யில்லைங்க.

நாலு வருசத்துக்கு முன்னால, வசந்தா வீட்டுக்காரரு ஒரு மத்தியானம் சாப்பாட்டுல உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. வீதியில ஒரு ஈ காக்கா இல்லை, எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. நானும் அவளும்தான். ஆம்புலன்ஸ் சீக்கிரமாத்தான் வந்துது. வளைவுல வந்து நின்னுபோச்சு. அங்க ஒரு கார் நின்னுட்டிருந்துது, உள்ள திருப்ப முடியலை. ஓட்டுனவரு ஹாரனை அடிச்சு அடிச்சுப் பார்த்தாரு. பொறவு அவரும் கூட வந்தவரும் ஸ்ட்ரெச்சரை எடுத்துட்டு ஓடி வந்தாங்க. ஒரு முனையை அந்த ரெண்டு பேரு புடிச்சாங்க, இன்னொரு முனையை நானும் வசந்தாவும். நூத்தியிருபதடி. வழியில ஒரு தடவை கீழ வெச்சு எடுத்தோம். ஆஸ்பத்திரியில போயிச் சேர்ந்தப்போ இல்லைன்னுட்டாங்க. அஞ்சு நிமிசம் முன்னால வந்திருந்தாலும் எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அவரு சொன்னதைத்தான் நான் புடிச்சுக்கிட்டிருக்கேன்.

கார் யாருதுங்களா? அது... எங்க மாப்பிள்ளையோடதுங்க. பொள்ளாச்சியில இருந்து வந்தவரு, காரை அங்க விட்டுட்டு, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு இன்னொருத்தரு வண்டியில அன்னூர்ல இடம் பார்க்கப் போயிட்டாரு. சாவி அவரு சட்டைப் பையில. திரும்பி வந்து எடுத்துட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துது. மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லலை. மகளுக்கும் தெரியாது. வீதிக்கும் தெரியாது. மாரடைப்புன்னு வசந்தா எல்லாருகிட்டயும் சொன்னா, அவ்வளவுதான். காரைப் பத்தி ஒரு வார்த்தை எங்கிட்டக் கூடப் பேசலை. மூணாம் மாசம், பழையபடி நாலு மணிக்கு வந்து படியில உக்காந்துட்டா.

அந்த வரியை நான் ஏன் எழுதுனேன்? எழுதும்போது வசந்தா வீட்டுக்காரரு ஞாபகமே வரலீங்க, வலுவான காரணம்னு மட்டுந்தான் தோணுச்சு. முப்பத்தோரு வருசப் பழக்கம். மனுன்னா எது எடுபடும்னுதான் கை தேடும்.

ஐப்பசி மாசம் கார்ப்பரேசன்ல இருந்து ஒரு ஆபீசர் பொண்ணு நேருல பார்க்க வந்துது. நல்ல பொண்ணு. டேப்பு வெச்சு அளந்துது, வளைவு வரைக்கும் நடந்து பார்த்துது. வசந்தா வீட்டு வாசல்ல நாங்க மூணு பேரும் நின்னோம், நான், வசந்தா, பெனிட்டா. மனு எழுதுனவங்கற முறையில என்னையும் கூப்பிட்டிருந்தா. அந்த ஆபீசர் என்ற மனுவைப் பாராட்டுச்சுங்க. 'யாருங்க எழுதுனது, இவ்வளவு தெளிவா?'ன்னு கேட்டுது. வசந்தா என்ற தோள்ல கையை வெச்சு, 'எங்க சுலோச்சனா அக்காதாங்க'ன்னா.

பொறவு அந்தப் பொண்ணு, 'ஒரு ஆட்சேபணை வந்திருக்குதுங்க. பேரு, கையெழுத்து எதுவுமில்லை, அதனால இது செல்லாது. இருந்தாலும் படிச்சுக் காமிக்கணும்'னு படிக்க ஆரம்பிச்சுது. பூங்கா, வளைவு, எல்லாம் படிச்சுது. கடைசி வரிக்கு வந்துது.

வசந்தா, 'அந்தக் கடைசியை மட்டும் இன்னொருவாட்டி படிங்க'ன்னா.

படிச்சுது.

ஆம்புலன்ஸ் வளைவுல நின்னது எனக்கும் அவளுக்கும் மட்டுந்தானே தெரியும். அதை நான் காந்திபுரத்துல யோசிக்கலை. அந்த வாசல்லதான் யோசிச்சேன். தோள்ல இருந்த கையை அவ உடனே எடுக்கலை டீச்சர். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துது. பொறவு எடுத்துட்டா. என்னைப் பார்க்கலை.

பெனிட்டாதான் கோபப்பட்டா. 'யாரோ வேணும்னே கட்டி விட்டிருக்காங்க மேடம், இங்க அப்படி எதுவும் நடக்கலை'ன்னா.

'நடந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரருக்குத்தான்'னா வசந்தா.

அந்த ஆபீசர் பொண்ணு பேப்பரை மடிச்சுது. மெதுவா, 'யாரோட வண்டிங்க அது?'ன்னு கேட்டுது.

'ஞாபகமில்லீங்க'ன்னா.

அப்ப நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தா வந்திருக்கும். பெனிட்டா இருக்கா, ஆபீசர் இருக்கு, எதிர்வீட்டு மாடியில துணி காயப் போட்டுட்டு அந்தம்மா பார்த்துட்டிருக்கு. சொல்லலை.

வசந்தா அந்தப் பொண்ணுகிட்ட, 'நான் மனுவைத் திருப்பி வாங்கிக்கறனுங்க'ன்னா. 'ஏனுங்கம்மா, இது செல்லாதுன்னு சொல்றனே. ஆறு வீட்டுக்காரங்க சம்மதம் குடுத்திருக்காங்க, நான் சாதகமாத்தான் எழுதப் போறேன்'னு அது எவ்வளவோ சொல்லிப் பார்த்துது. 'இல்லீங்க. அந்த வளைவுல இன்னொரு வண்டி நின்னு, அது என்ற கடைக்கு வந்த வண்டியா இருந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேண்டாங்க'ன்னா. பெனிட்டா அழுதுட்டே போயிட்டா.

பொறவு எங்கிட்டத் திரும்புனா. 'அக்கா, ஒரு வெள்ளைத்தாள் எடுத்துட்டு வந்து, மனுவை வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுங்க'ன்னா.

வீட்டுக்குள்ள போயித் தாள் எடுத்துட்டு வந்தேன். அவ வாசல்ல நின்னுட்டே எழுதுனேன். 'மேற்படி மனுவினைச் சொந்த விருப்பத்தின் பேரில்...' எழுத்தெல்லாம் எப்பவும் போல அழகா வந்துது. இன்னி வரைக்கும் எனக்கு அதைத்தான் தாங்க முடியலை. ஒரு எழுத்தாவது கோணியிருக்கலாம்.

அன்னிக்கு நாலு மணிக்கு அவ படிக்கு வந்தாளுங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம். நான் காப்பி குடுத்தேன், குடிச்சா. டம்ளரைக் கீழ வெச்சுட்டு, 'ரெண்டுமே நல்லா எழுதியிருந்துச்சுக்கா'ன்னா. எந்த ரெண்டுன்னு நான் கேக்கலை.

அடுத்த மாசம் பல்லடம் பக்கம் ஒரு மில்லு ஹாஸ்டல்ல வார்டன் வேலை கிடைச்சு அங்கயே தங்கிட்டா. மாசத்துக்கு ஒருக்கா வருவா. எங்கிட்டப் பேசறதெல்லாம் ரூமைப் பத்தித்தான். யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு கேப்பா. பார்த்துட்டுப் போனாங்க வசந்தா, வண்டி நிறுத்த இடமில்லைன்னு யோசிக்கறாங்கம்பேன். சரிக்காம்பா.

அவ்வளவுதானுங்க. நான் அந்த ஆட்சேபணையில கையெழுத்துப் போடலை, சட்டப்படி பார்த்தா அது யாரோடதும் இல்லை. கடையை வேண்டாம்னதும் அவளேதான். எங்க வீட்டுக்காரரு கூட, பழசை விடுங்கறாரு. அவருக்கு முழுசாத் தெரியாது.

இன்னமும் ரூமைப் பார்க்கணுங்களா? சரி, வாங்க போலாம். என்னத்துக்குங்க போன் எடுக்கறீங்க? புள்ளைங்க வண்டியை எங்க விடலாம்னு அவளையே கேட்டுக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க. நான் அந்தப் பக்கம் போகட்டுங்களா? இல்லைன்னாலும் உங்க போன்ல சத்தம் ஜாஸ்திதான், இங்கயே கேக்குது.

...

கேட்டுச்சுங்க. நீங்க ஒண்ணும் மறைக்க வேண்டாம். 'அக்கா உங்ககிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களா'ன்னுதானே கேட்டா. 'ரூம் பார்க்க வந்தவங்க அஞ்சு பேருகிட்டயும் சொல்லிட்டாங்க, எங்கிட்ட மட்டும் இன்னும் சொல்லலை'ன்னுதானே சொன்னா. நாலு பேருல எவளோ ஒருத்தி அவகிட்டச் சொல்லியிருக்கா. சொல்லாமயா இருப்பாங்க.

லைன்ல இருக்காளா? வெச்சுட்டாளா?

குடுங்க. இங்க குடுங்க போனை.

வசந்தா, நான்தான். சுலோச்சனா. ம். வெயில்தான், ஆமா. வசந்தா, நான் ஒண்ணு சொல்லணும், நடுவுல எதுவும் கேக்காதே. அந்த ஆட்சேபணை நான் எழுதுனது. காந்திபுரத்துல போய் அடிச்சேன். வண்டி நிறுத்த இடமில்லைங்கறதுக்காக எழுதலை. நீ நாலு மணிக்கு வர்றதில்லைங்கறதுக்காக எழுதுனேன். நீ அந்தப் பொண்ணோட சிரிச்சது எனக்குப் பொறுக்கலை. அந்தக் கார் எங்க மாப்பிள்ளையோடது. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும், அப்படியும் நான் ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லலை. சொல்லாததோட, உன்ற வீட்டுக்காரரைக் கொண்டு போயி அந்த ஆட்சேபணையில எழுதுனேன். டீச்சர் சொல்லச் சொல்லலை. நானேதான் சொல்றேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை வசந்தா.

...

இந்தாங்க டீச்சர், போனு. வெச்சுட்டா.

திட்டலீங்க. அழுகவும் இல்லை. நான் முடிக்கற வரைக்கும் கேட்டா. அங்க யாரோ புள்ளைங்க தட்டுக் கழுவற சத்தம் கேட்டுட்டே இருந்துது. பொறவுதான் பேசுனா.

'சரிங்க'ன்னா.

பதினாலு வருசத்துல அக்கான்னு சேர்க்காம அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. அந்த வாசல்ல கூட, தாள் எடுத்துட்டு வரச் சொன்னப்போ கூட, அக்கான்னுதான் கூப்பிட்டா. இப்ப, ஏதோ ஆபீசுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி, 'சரிங்க'ன்னுட்டு வெச்சுட்டா.